மூன்று நாள் விருந்தாளிகள்



தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில் நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், காலையில் ஒரு மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே 14 சின்ன மீன்கள். தோட்டத்துக் குளத்தில் அண்ணனோடு போய்ப் பிடித்தவை. "பாடம் முடியட்டும், வெளியே சுவர் மேல் வைத்துவிட்டு வா" என்றேன். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் 13 மீன்கள் செத்து மிதந்தன. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. "சார், நான் ஒன்னுமே பண்ணலயே, ஏன் செத்துப் போச்சு? இது மட்டும் ஏன் சாகல?" என்று அழுதான்.

அந்தப் பிள்ளை கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டால், குளத்து உயிர்களை நம் வீட்டு வாசலில் சில நாள் வைத்திருந்து, பார்த்து மகிழ்ந்து, உயிரோடு திருப்பி அனுப்பலாம். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள் நம் பெரியவர்கள். குளத்து உயிர்களும் நமக்கு மூன்று நாள் விருந்தாளிகளே.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மீன்கள் ஏன் செத்தன? மீனும் மூச்சு விடுகிறது. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுள்களால் இழுத்துக்கொள்கிறது. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்க முடியும். நீர் 35 டிகிரிக்குச் சூடேறினால் அது 7 மில்லிகிராமாகக் குறைகிறது. வாயு குறையும் அதே நேரத்தில், சூட்டினால் மீனுக்கு வேண்டிய வாயுவின் அளவு கூடுகிறது. நீருக்குப் புதிய வாயு மேல்பரப்பின் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். வாய் குறுகிய டின்னில் மேல்பரப்பு உள்ளங்கை அளவுதான். வெயிலில் வைத்த தகர டின், 14 மீன்கள். அவை மூச்சுத் திணறியே செத்தன. தவறு பையனுடையது அன்று. வெயிலில் வைக்கச் சொன்ன என்னுடையது.

ஒன்று மட்டும் எப்படிப் பிழைத்தது? அது புயு மீன். தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்கள். அதன் தலைக்குள் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. நீரில் வாயு குறைந்தால், மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொள்ளும். செப்பாட் மீனுக்கும் இந்தத் திறமை உண்டு.

இனி, தொட்டியை அமைப்பது எப்படி என்று பார்ப்போம். அதிகச் செலவு வேண்டாம். துணி துவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி போதும். சவர்க்காரம் துளியும் இல்லாமல் கழுவிக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொட்டி இருந்தால் பக்கவாட்டில் பார்க்கலாம். ஆழத்தைவிட அகலமே முக்கியம். அதை வீட்டு நிழலில், நாள் முழுதும் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மீன் பிடித்த அதே குளத்து நீரை ஊற்றுங்கள். குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லும் குளோரின் மருந்து கலந்திருக்கும். அது மீனின் செவுளையும் அரிக்கும். குளத்துப் பாசியில் ஒரு பிடி, ஒரு கல், ஒரு குச்சி ஆகியவற்றைப் போடுங்கள். பத்து லிட்டர் நீருக்கு நான்கைந்து சிறு மீன்கள் போதும். மூன்று நாளுக்குள் அவை பட்டினியால் வாடிவிடா. சோற்றைப் போட்டால்தான் நீர் அழுகும். செத்த உயிரை உடனே எடுத்துவிடுங்கள். மேலே கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். புயு துள்ளி வெளியே விழாது, பூனையும் எட்டாது, கொசுவும் முட்டையிடாது. கடையில் வாங்கிய மீனை இவற்றோடு சேர்க்காதீர்கள்; ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றும்.

தும்பியின் இளம்பூச்சி வலையில் சிக்கினால் தனிப் பாத்திரத்தில் விடுங்கள். அதன் கீழுதடு மடித்த கை போன்றது. இரை அருகில் வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு பிடிக்கும். கொசுப் புழுவையும் தின்னும், தவளைக் குஞ்சையும் விடாது. சில வேளைகளில் அது குச்சியின் மேல் ஏறி, முதுகுத் தோல் வெடித்து, சிறகுள்ள தும்பியாக வெளிவருவதைக் காணலாம். அந்தக் காட்சியைப் பார்த்த பிள்ளை வாழ்நாளில் மறக்காது.

பெற்றோர்களே, சில எச்சரிக்கைகள். பிள்ளைகளைத் தனியே நீர்நிலைக்கு அனுப்பாதீர்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் பக்கமே போகவேண்டாம். கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழம் திடீரென்று இறங்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக் காய்ச்சல் வரும். ஆகவே காலில் கையில் புண் உள்ள பிள்ளை நீரில் இறங்கக் கூடாது. தொட்டியைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

விருந்தாளிகள் போன பின்னர்தான் பெரிய ஆபத்து. வெறும் தொட்டியில் மழைநீர் தேங்கினால், டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் அதில் உருவாகிவிடும். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே உட்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள். மலேசியாவில் கொசு வளர இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

திருப்பி விடும்போது, பிடித்த அதே இடத்தில் விடுங்கள். வாளியைக் கால்மணி நேரம் குளத்து நீரில் நிறுத்தி, சூடு சமமான பிறகு மெல்லச் சாயுங்கள். வேறு ஊர் நீரிலோ கால்வாயிலோ விடக் கூடாது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தையை உணவுக்காக 1980 வாக்கில் ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நீர்நிலைகளுக்குள் புகுந்து, இன்று நம் நாட்டு நெல் வயல்களிலும் நாற்றைத் தின்று அழிக்கிறது. இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்துக்கொத்தாக முட்டை கண்டால் அது அதன் வேலைதான். நன்மை என்று எண்ணிச் செய்ததே உழவனுக்குத் துன்பமாகிவிட்டது.

மைலோ டின்னில் பிழைத்த அந்தப் புயுவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று மாலையே பையனும் நானும் குளத்துக்குப் போனோம். டின்னைச் சாய்த்ததும் அது ஒரு துள்ளலில் மறைந்தது. பையன் கொஞ்ச நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அடுத்த தடவை நிழல்ல வைப்பேன்" என்றான். அவன் தன் பாடத்தை அன்றே கற்றுக்கொண்டான். நானும் என் பாடத்தைக் கற்றுக்கொண்டேன்.

நேயர்களே, உங்கள் பிள்ளை நாளை ஒரு டின்னோடு வந்து நின்றால் திட்டாதீர்கள். நிழலில் ஓர் இடம் காட்டுங்கள். மூன்றாம் நாள் அவனோடு கூடவே குளத்துக்குப் போங்கள்.