“எனக்குப் படிப்பு வராது”

(பங்கின் பொன்விழா ஆண்டு மாணவர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பரிசுகள் மேசைமேல் காத்திருக்கின்றன. பிள்ளைகளின் கண்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே சுருக்கமாகப் பேச முயல்வோம். இம்முயற்சி நமக்கு எப்போதும் பலிப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

முதலில் நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பங்கின் பொறுப்பை ஏற்ற நாள் முதல், பத்தாம் வகுப்பு முடிவு வெளிவந்த ஞாயிறன்று, 400-க்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களைப் பீடத்தருகே அழைத்துப் பாராட்டி வந்தோம். மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தவில்லை. கடந்த மே மாதம் அப்படிக் கைதட்டிக்கொண்டிருந்த வேளையில், கடைசித் தூணருகே நின்ற ஒரு பையன் இறுதி ஆசீருக்கு முன்னரே வெளியேறியதைக் கண்டோம். கணிதத்தில் அவன் பெற்றது 14.

மறுவாரம் அவன் வீட்டுக்குச் சென்றோம். “எனக்குக் கணக்கு வராது சாமி. எங்க அப்பாவுக்கும் வராது” என்றான். தகப்பனாரும் ஆமென்று தலையாட்டினார். அவர் கொத்தனார். ஓர் அறைக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்டு என்று நின்ற இடத்திலேயே சொல்லக்கூடியவர். நம் பங்கு இல்லத்தின் சுற்றுச்சுவரை எழுப்பியவரும் அவரே. அன்று மூலை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தாரே, அது என்ன? பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று அச்சிட்டிருப்பது அதுவே அன்றோ! நாள்தோறும் கணக்கினாலேயே பிழைக்கும் மனிதர், தமக்குக் கணக்கு வராது என்று மகனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நிலபுலன் இல்லாத வீடுகளில் இந்தச் சொத்து ஒன்றுதான் பத்திரமாகக் கைமாறுகிறது!

பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1786-இல் பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே தார்தில்லி என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். புரட்சியின் கொந்தளிப்பில் பள்ளிப்படிப்பு சரியாக அமையவில்லை. ஏறத்தாழ இருபது வயதில்தான் எக்குல்லி ஊர்ப் பங்குத்தந்தை பாலே அடிகளாரிடம் இலத்தீன் படிக்க உட்கார்ந்தார். உடன் படித்தவர்களோ சிறுவர்கள். அவர்களில் ஒருவன் பொறுமையிழந்து அவரை அடித்துவிட்டான் என்றும், அடிபட்டவரே அவன்முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார் என்றும் சொல்வார்கள். அடித்த அச்சிறுவன் பின்னாளில் அமெரிக்காவில் துபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார்.

1813-இல் வியான்னி லியோன் குருமடம் சேர்ந்தார். பாடம் இலத்தீனில் நடந்தது; அவருக்கு விளங்கவில்லை; அனுப்பிவிட்டார்கள். பாலே அடிகளார் அவரை விடவில்லை. தம்மிடமே வைத்துச் சொல்லிக்கொடுத்தார், மேலிடத்தாரிடம் பரிந்து பேசினார். தாய்மொழியில் வினவியபோது விடை வந்தது. 1815 ஆகஸ்டு 13-ஆம் நாள் வியான்னி குருவானார். 1818-இல் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். ஏறக்குறைய 230 பேர் வாழ்ந்த அவ்வூரைத் தேடிப் பின்னர் நாடெங்கிலுமிருந்து மக்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து குவிந்தனர்.

அவர் இலத்தீன் மேதையானார் என்று யாரும் சொல்லவில்லை. தம்மால் ஆகும் என்று அவர் விடாமல் நம்பினார். அந்த நம்பிக்கைக்குத் துணையாக ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் ஆர்ஸ் நகர்க் குருவை உலகம் அறிந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டுக் குருமடத்தில் மெய்யியலை ஆங்கிலத்தில் எதிர்கொண்டவர்கள் நாம். “இது உனக்கு ஏறாது” என்று ஒருவர் சொன்னது இத்தனை ஆண்டுகள் கழிந்தும் காதில் நிற்கிறது. “இன்னொரு முறை வாசி” என்று அகராதியை நீட்டிய தோழரும் மறக்கவில்லை.

பாராட்டிலும் ஆபத்து உண்டு. 1998-இல் முல்லர், டுவெக் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை “நீ கெட்டிக்காரன்” என்றும், சிலரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான வினாக்களைக் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்கள் அதன்பின் முன்னிலும் குறைவாகச் செய்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். பட்டம் பறிபோகுமே என்ற அச்சம்! தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனும் அச்சத்தைத்தானே காரணம் சொன்னான்? பீடத்தருகே நாம் கைதட்டியது எந்தப் பாராட்டு என்பதை நாமே யோசித்துப் பார்த்தோம்.

அதற்காக, “என்னால் முடியும்” என்று நூறு முறை சொன்னால் தேர்ச்சி வந்துவிடாது. அறிவு வளரக்கூடியது என்று அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குக் குறுகிய பயிற்சி தந்து பார்த்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பின்தங்கியவர்களின் மதிப்பெண் உயர்ந்தது உண்மை, உயர்வு சிறிதளவே. முயல்வதை உடன் படிப்போர் மதிக்கும் பள்ளிகளில் பயன் கூடுதலாக இருந்தது. தனியொரு பிள்ளையின் மனத்தை மட்டும் திருத்த நினைப்பது போதாது என்றே இதைப் புரிந்துகொள்கிறோம்.

அந்தப் பையனின் கதைக்கு வருவோம். ஜூன் மாதம் முழுவதும் மாலை ஏழு மணிக்குப் பங்கு மன்றத்தில் அவனோடு உட்கார்ந்தோம். ஒரு நாள் தகப்பனாரையும் அழைத்து, நூலும் அளவுநாடாவும் கொடுத்து, மூலைமட்டம் பார்ப்பதை விளக்கச் சொன்னோம். பையன் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! துணைத்தேர்வில் அவன் பெற்றது 29. தேர்ச்சிக்கு 35 வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு தானாகவே நம்மிடம் வந்து, “இன்னும் ஆறுதான் சாமி” என்றான். வரும் மார்ச்சில் மீண்டும் எழுதுகிறான். இதைச் சொல்ல அவனிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

இப்போது அவனோடு மேலும் எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். நமக்கோ அல்ஜீப்ரா பாதி மறந்துவிட்டது. கணிதம் படித்த பட்டதாரிகள் இப்பங்கில் பலர் இருப்பதைக் குடும்ப அட்டைகளில் பார்த்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு மாலை தரக்கூடியவர்கள், பரிசளிப்பு முடிந்ததும் சக்றீஸ்து வாசலில் நம்மைச் சந்திக்கலாம்.