பூட்டில்லாத கணினி



1991-ஆம் ஆண்டு நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. எழுத்தறியாத பெண்கள் எழுதப் படிக்கக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அதே ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் கணினி இயங்குதளத்தின் கருவை எழுதி உலகின் முன் வைத்தார். இன்று எவரும் அதனைப் பெறலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

ஏட்டைத் தொடும் உரிமையும் நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது. ஆகவே, திறந்து வைக்கப்பட்ட அறிவின் அருமையை நாம் நன்குணர்வோம்.

'விண்டோஸ் 10'-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை, பெரும்பாலானவற்றில் லினக்ஸ் இயங்கும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சிடாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. அதனைத் திறந்து பார்த்தோர் நம்மில் எத்தனை பேர்? கடிதமும் கணக்கும் எழுத 'லிபர் ஆபீஸ்', இணையம் காணப் 'பயர்பாக்ஸ்' ஆகியனவும் விலையின்றிக் கிடைக்கின்றன, தமிழிலும் இயங்குகின்றன.

குறையும் உண்டு. 'டேலி' போன்ற கணக்கு மென்பொருளைக் கற்போர்க்கு விண்டோஸ் தேவை. அவர்கள் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஏனையோர் முதலில் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கட்டும்; கோப்புகளுக்குப் படியெடுத்த பின்னரே நிறுவட்டும்.

இளைஞர்களே! அன்று ஒருத்தி மிதிவண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றொருத்தி ஓட்டக் கற்றாள். அவ்வாறே நீங்களும் ஒருவர் கற்று மற்றவர்க்குக் கற்பிப்பீராக!