கடன் இல்லாத தீபாவளி



தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, அதற்குள் இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் இதைப் பேசிப் பயனில்லை. அப்போது துணிக்கடையில் நம் கை முந்திக்கொள்ளும், கணக்கு பின்தங்கிவிடும். ஆகவே இப்போதே பேசுவோம்.

பெருநாளுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், துணிமணியையும் பலகாரத்தையும் நாம் உடனே சொல்லிவிடுவோம். நம் கணக்கில் வராமல் போவது மற்றவர்களுக்குக் கொடுப்பதுதான். தலைத் தீபாவளி என்றால் மருமகனுக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் புடவை. மாமியாருக்கு ஒரு சேலை. பட்டணத்திலிருந்து வரும் அண்ணன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று. வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் கையில் அங்பாவ். ஒவ்வொன்றும் சிறியதாகத்தான் தெரியும். ஆனால் 20 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 வெள்ளி கொடுத்தால் அதுவே 100 வெள்ளி.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தீபாவளி வருவது அக்டோபரிலோ நவம்பரிலோ. அதன் பின்னாலேயே அடைமழை வருகிறது. மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. வேலை நாள் குறையும். செம்பனைத் தோட்டத்திலும் வெள்ளம் ஏறினால் குலை வெட்டு தடைப்படும். 2026-ஆம் ஆண்டு முதல் பள்ளித் தவணையும் பழையபடி ஜனவரியில் தொடங்குகிறது. பள்ளிச் சட்டை, காலணி, புத்தகப் பை எல்லாம் அப்போது வாங்கியாக வேண்டும். செலவு கூடுகிற நேரத்தில்தான் நம் வரவு குறைகிறது. அந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துத்தான் தீபாவளிக் கணக்கைப் போட வேண்டும்.

கணக்குப் போடாதபோது கடன் எப்படி வருகிறது? முதலில் கடைக்காரரின் 555 புத்தகத்தில் பற்று ஏறுகிறது. அது நிறைந்தால் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. ஆறு மாதத்திற்குள் மீட்காவிட்டால் தோடும் போய்விடும். அதற்கும் மேலே போனால் வட்டி முதலை. இப்போது கைத்தொலைபேசியிலேயே "இன்று வாங்கு, பிறகு கட்டு" என்று ஆசை காட்டுகிறார்கள். பொருள் இன்றே வீட்டுக்கு வந்துவிடும். தவணை மழைக்காலத்தில் வரும்.

வட்டி முதலையிடம் 1,000 வெள்ளி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 10 வெள்ளி வட்டி. மாதம் 100 வெள்ளி வட்டியை மட்டும் கட்டி வந்தால், அடுத்த தீபாவளிக்குள் 1,200 வெள்ளி கட்டியிருப்போம். ஆனாலும் வாங்கின 1,000 வெள்ளி அப்படியே நிற்கும். உரிமம் பெற்றவர் ஈடில்லாமல் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வெள்ளிக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். அப்படிப் பார்த்தால் அதே 1,000 வெள்ளிக்கு ஓர் ஆண்டு வட்டி 180 வெள்ளிதான். சிலர் கடனுக்கு ஈடாக பேங்கு அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்பார்கள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் சம்பள நாளன்று நம் சம்பளத்தை முதலில் தொடுவது இன்னொருவராக இருப்பார்.

சரி, வழி என்ன? எதை வாங்கலாம் என்று பட்டியலைத் தொடங்காமல், எவ்வளவு சேர்க்க முடியும் என்பதிலிருந்து தொடங்குவோம். ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து சம்பளம். ஒவ்வொரு சம்பளத்திலும் 160 வெள்ளி எடுத்து வைத்தால் 800 வெள்ளி சேரும். வீட்டில் ஐந்து பேர் என்றால் அதை இப்படிப் பிரிக்கலாம்: துணிமணிக்கு 350, பலகாரச் சாமானுக்கு 150, உறவினர்களுக்குக் கொடுக்க 150, அங்பாவுக்கு 60, பஸ் செலவுக்கு 40, பள்ளிச் செலவுக்கு ஒதுக்க 50. ஆகமொத்தம் 800. உங்களால் 80 வெள்ளிதான் வைக்க முடியும் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். தொகை சிறியதே என்று வெட்கப்பட வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் அழகு.

கொடுக்க வேண்டியவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொகையைப் போடுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். மொத்தம் 150-ஐத் தாண்டினால் பெயரை அடிக்க வேண்டியதில்லை. கொடுக்கும் பொருளை மாற்றலாம். நம் கையால் சுட்ட முறுக்கும் நெய் உருண்டையும் ஒரு டின்னில் போட்டுக் கொடுத்தால் எந்த அண்ணியும் குறை சொல்ல மாட்டார்.

சிலர் கூட்டுப் பிடித்துச் சேர்ப்பார்கள். கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் ஆளாகப் பணம் எடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டால் நாம் யாரிடம் போய்க் கேட்பது? பேங்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நம் பெயரில் போடுவதே நல்லது. தோட்டத்தில் பெருநாள் முன்பணம் கொடுத்தால், அதை இனாமாக நினைக்க வேண்டாம். அது வரப்போகும் சம்பளத்தில் பிடிக்கப்படும் நம் பணம்தான்.

ஏற்கெனவே வங்கிக் கடனில் சிக்கியிருப்பவர்கள் ஏ.கே.பி.கே. நிறுவனத்தை அணுகலாம். 2006-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொல்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு போட வேண்டும். "இந்த வருடம் ஆளுக்கு ஒரு சட்டைதான், அய்யா" என்று ஜூன் மாதமே சொன்னால் பிள்ளை புரிந்துகொள்வான். தீபாவளிக்கு முதல் நாள் கடை வாசலில் சொன்னால்தான் அழுவான். பெருநாள் ஒரு நாளில் முடிந்துவிடும். ஜனவரியில் அவன் புதுக் காலணி போட்டுப் பள்ளிக்குப் போகிறானா, அம்மாவின் காதில் தோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அந்தத் தீபாவளியை நாம் நன்றாகக் கொண்டாடினோம் என்று அர்த்தம்.

வரும் சம்பள நாளிலேயே தொடங்குவோம்.