பல் விழுவது வயதினாலா?

(முதியோர் கூடுகையில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"வயதாகிவிட்டது, இனிமேல் பல் விழத்தானே செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்லாதவர்கள் இல்லை. தலை நரைப்பதைப்போலப் பல் விழுவதும் முதுமையின் பங்கு என்று எண்ணிக்கொள்கிறோம். முறுக்கு, கடலை, கறித்துண்டு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, கடைசியில் கஞ்சிக்கும் ரசச் சோற்றுக்கும் வந்து சேருகிறோம். இன்று நான் சொல்ல வந்த காரியம் ஒன்றே. நம்முடைய பற்களை வயது கொண்டுபோகிறதில்லை. கவனிக்காமல் விட்ட ஈறு நோயே பெரும்பாலும் அவற்றைக் கொண்டுபோகிறது. அந்த நோயைத் தடுக்க நம்மால் கூடும்.

ஈறு நோய் எப்படி உண்டாகிறது? பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் ஒன்று நாள்தோறும் படிகிறது. அதைத் துலக்கி எடுக்காவிட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதோடு சேர்ந்து கல்லைப்போல் இறுகிவிடும். இதையே காரை என்கிறோம். ஈறு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். இந்த நிலையில் கவனித்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். கவனியாமற்போனால் பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். கரைந்த எலும்பு தானாக வளராது. இவ்வளவும் பெரும்பாலும் வலியில்லாமலே நடக்கிறபடியால், பல் ஆடத் தொடங்கிய பிறகே நம்மில் பலர் மருத்துவரிடம் வருகிறோம்.

1965ஆம் ஆண்டு ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் டென்மார்க்கில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஈறு நலமாயிருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது தணிந்தது. ஆகையால் இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்தாதிருங்கள். அந்த இடத்தைத்தான் மென்மையாக, தவறாமல் துலக்க வேண்டும்.

அதே மருத்துவர் 1970இல் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்றார். அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களின் வாயைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிரஷ் பழக்கமும் இல்லை, பல் மருத்துவ வசதியும் இல்லை. சொத்தைப் பல்லோ அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனாலும் நூற்றுக்கு 8 பேருக்கு ஈறு நோய் மிக வேகமாகப் பரவி, 45 வயதுக்குள் பற்கள் எல்லாம் போயின. 81 பேருக்கு நோய் நிதானமாக முன்னேறி, அதே வயதில் சுமார் 7 பற்கள் போயிருந்தன. மீதி 11 பேருக்கு, துலக்காதிருந்தும், பல் விழவில்லை. இது 1986இல் வெளியானது. நம் இனத்து உழைப்பாளிகளின் வாயிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது. 45 வயது முதுமையல்லவே!

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். ஸ்வீடன் நாட்டுக் கார்ல்ஸ்டாட் நகரில் 1972இல் தொடங்கி 30 ஆண்டுகள் ஒரு கூட்டத்தாரைக் கவனித்து வந்தார்கள். சரியாகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, தேவைக்கேற்ப அழைத்துப் பல்லைச் சுத்தம் செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்களில் மிகவும் முதியவர்களும்கூடச் சராசரியாக இரண்டு பற்களுக்கும் குறைவாகவே இழந்திருந்தார்கள். வயது இவர்களுக்கும் ஏறியது. கவனிப்பு இருந்தபடியால் பல் நின்றது.

ஆயினும் முதுமையில் சில காரியங்கள் நமக்கு விரோதமாய் நிற்கின்றன. சர்க்கரை வியாதி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் கடுமையாகிறது. ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாமல் தொந்தரவு செய்கிறது. பல மாத்திரைகள் வாயை உலர்த்துகின்றன. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிட்டாயின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். புகைப்பவர்களுக்கு ஈறிலிருந்து இரத்தம் வருவது குறைவாயிருக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கலாம்.

செய்யவேண்டியவை எளியவைதான். மென்மையான பிரஷ்ஷால், புளோரைடு கலந்த பேஸ்ட்டைக்கொண்டு, காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். பல் இடுக்குகளுக்கென்று விற்கும் சிறு பிரஷ்ஷை உபயோகியுங்கள். குண்டூசியும் ஊக்கும் வேண்டாம். கரித்தூளும் செங்கல் பொடியும் ஈறு இறங்கிய இடத்தில் பல்லின் வேரைத் தேய்த்துவிடும். புகையிலையை எந்த உருவத்திலும் விட்டுவிடுங்கள். பல் செட் அணிகிறவர்கள் இரவில் அதைக் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டுவையுங்கள்.

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எலும்பு முன்பே கரைந்திருக்க, காரை அந்தக் குறையை மூடி வைத்திருந்தது. காரையை எடுத்ததும் குறை தெரிகிறது. சுத்தம் செய்ததால் அது வந்ததல்ல. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்பதை உங்கள் ஈறைப் பார்த்துப் பல் மருத்துவர் சொல்லுவார்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விரல்கள் விறைத்து, கண் மங்கி, படுக்கையில் கிடக்கும் பெற்றோரால் தாங்களாகத் துலக்க முடியாது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. பணியாளர்கள் உணவுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியோரில் நூற்றுக்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. மற்றவர்களில் 19 பேருக்கு வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தச் சுத்தம் பயன்பட்டது. ஆகவே அது உயிரைக் காக்கும் ஊழியம். அவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிதளவு பேஸ்ட்டால் துலக்கி, ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள்.

இன்று வீடு திரும்பியதும், "அம்மா, வாயைத் திறங்கள், பார்க்கட்டும்" என்று சொல்லி, ஒரு டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிவந்த ஈறையோ, இரத்தக் கசிவையோ, ஆடும் பல்லையோ கண்டால் இந்த வாரத்திலேயே அவர்களைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் பால்பல் முளைத்த நாளில் அதைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அவர்களல்லவா?