இசைத்தட்டின் உறை கூறும் வரலாறு



வெள்ளி விழாக் காணும் நம் சங்க மேடையில் இசையும் வரைகலையும் பற்றிப் பேச வந்துள்ளேன். இசை செவிக்குரியது, ஓவியம் கண்ணுக்குரியது. இரண்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மக்களின் இசையை விரும்பிய உலகம் அம்மக்களை மதித்ததா என்பதை, அவ்விசையைப் பொதிந்து விற்ற உறையே காட்டிக் கொடுத்துவிடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசை இதற்குத் தக்க சான்று. 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம், அம்மக்களின் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தை நினைந்தே பெயர் சூட்டிக்கொண்டது. ஆதலின் அவர்கள் வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

தொடக்க காலத்தில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெறுந்தாள் உறைகளிலேயே விற்கப்பட்டன. அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர் 1940-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக ஓவிய உறையை உருவாக்கினார். அதன்பின் உறை, இசையை அறிமுகம் செய்யும் முகமாயிற்று.

அம்முகத்தில் யார் இடம் பெறுவது என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. 1957-இல் வெளிவந்த ‘மைல்ஸ் அஹெட்’ என்னும் இசைத்தட்டைப் படைத்தவர் மைல்ஸ் டேவிஸ் என்னும் கறுப்பினக் கலைஞர். உறையிலோ பாய்மரப் படகில் அமர்ந்த ஒரு வெள்ளைப் பெண்! டேவிஸ் எதிர்ப்புத் தெரிவித்தார். பின்னர் அவ்வுறை மாற்றப்பட்டு, அவர் படமே இடம் பெற்றது. 1961-இல் வெளிவந்த மற்றோர் இசைத்தட்டின் உறையில் தம் துணைவியார் பிரான்சிஸ் டெய்லரின் படத்தை இடம் பெறச் செய்தார். கறுப்பினப் பெண்ணின் அழகும் உறைக்கு உரியதே என்று அவர் நிலைநாட்டிய செயல் அது. ஆயினும், 1965-இல் வெளிவந்த ஓட்டிஸ் ரெடிங்கின் ‘ஓட்டிஸ் புளூ’ உறையில் மீண்டும் ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. குரல் வேண்டும், குரலுக்குரியவன் முகம் வேண்டா! இந்த மனநிலையை நாம் அறியாதவர்களா?

இதற்கு மாறாக, 1939-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட புளூ நோட் நிறுவனத்தைக் காண்போம். அதனை வளர்த்த ஆல்பிரட் லயன், பிரான்சிஸ் உல்ஃப் இருவரும் ஜெர்மனியிலிருந்து வந்த யூதர்கள். உல்ஃப் நாஜிக் கொடுமைக்குத் தப்பி வந்தவர். இசைப்பதிவு நடக்கும்போதே கலைஞர்களை அவர் படம் பிடித்தார். செயற்கைப் புன்னகையில்லை, வேடிக்கைக் கோலமில்லை. சிந்தனையில் ஆழ்ந்த முகம், கருவியைப் பற்றிய விரல்கள், இவையே அப்படங்கள். ரீட் மைல்ஸ் என்னும் வரைகலைஞர் அவற்றைக் கொண்டு நூற்றுக்கணக்கான உறைகளை அமைத்தார். 1957-இல் பதிவான ஜான் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெயின்’ உறையைப் பாருங்கள். நீல நிறத்தில் தோய்ந்த அம்முகம் ஓர் அறிஞனின் முகம் அன்றோ!

அவ்வுறைகளுள் பல, கறுப்பு மையும் மற்றொரு வண்ணமும் மட்டுமே கொண்டு அச்சிடப்பட்டவை. எனவே, மதிப்பளிக்கப் பெரும்பொருள் தேவையில்லை. மதிக்கும் உள்ளமும் கற்ற கையும் போதும்.

இளைஞர்களே! நம் ஊர்த் திருவிழா அறிவிப்புகள் பலவற்றில் நன்கொடையாளர் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். பறை இசைப்போர் பெயர் இராது. ‘மேளம்’ என்னும் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இந்நிலையை மாற்றும் கருவி இன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. எழுத்துருவும் வண்ணமும் இடைவெளியும் அறிந்து வரைகலையை முறையாகப் பயிலுங்கள். அது சோறிடும் தொழிலும் ஆகும். நம் கலைஞர் வாசிக்கும்போது நல்ல படம் எடுங்கள். அவர் பெயரைக் கேட்டறிந்து, பிழையின்றி, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். நம் முகத்தைப் பிறர் வரைந்து தரும்வரை காத்திருத்தல் வேண்டா.