மீந்த மோரை என்ன செய்வது?



ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஒரு சட்டி நிறையத் தயிர் உறைய வைக்கிறோம். வந்தவர்கள் உண்டு போனபின் அடியில் கொஞ்சம் மீந்துவிடுகிறது. திங்கட்கிழமை அதைக் கடைந்து மோராக்குகிறோம். செவ்வாய்க்கிழமை மோர் புளித்துவிடுகிறது. பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். புதன்கிழமை அது கறிவேப்பிலைச் செடியின் தூரில் போய்ச் சேருகிறது. செடிக்கு நல்லதுதான் என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். முன்பு தோட்டங்களில் பல வீடுகளில் மாடு நின்றது. மோருக்குக் கணக்குப் பார்த்தவர் இல்லை. இன்று கம்போங் ராஜா கடைத்தெருவில் பாலையோ பால்மாவையோ காசு கொடுத்து வாங்கித்தான் தயிர் தோய்க்கிறோம். செடிக்கு ஊற்றுவது அந்தக் காசைத்தான்.

வெண்ணெய் எடுத்த மோரில் ஒன்றும் இல்லை என்று எண்ணுவது சரியன்று. வெண்ணெயோடு கொழுப்பும், அதிலே கரைந்திருக்கும் ஏ வைட்டமினும் போய்விடும். ஆனால் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் மோரிலேயே தங்கிவிடுகின்றன. வளரும் பிள்ளைக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டியவை இந்த இரண்டுந்தான். புளிப்பு என்பது கெடுதல் அல்ல. பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் அமிலமாக்குவதால் வருவது அது. கெட்டுப்போன மோர் வேறு. மேலே பூசணம் படர்ந்தாலும், இளஞ்சிவப்பு நிறம் கண்டாலும், நாற்றம் அடித்தாலும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளித்த மோரை வைக்கவே கூடாது; களிம்பு ஏறும். மண்சட்டி, பீங்கான், எவர்சில்வர் எதுவானாலும் சரி.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த மோர்க்குழம்பு. தெரிந்ததுதான், ஆனாலும் பல வீடுகளில் அது திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நிற்கிறது. சூடு மிகுந்தால் புளித்த மோரின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இதைத் தடுக்கத்தான் நம் பாட்டிமார் ஊறவைத்த துவரம்பருப்பும் ஒரு கரண்டி பச்சரிசியும் சேர்த்து அரைத்தார்கள். அந்த மாவு மோரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்குக் கடலைமாவு இரண்டு கரண்டி கரைத்து ஊற்றினாலும் போதும். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லி விதை ஆகியவற்றையும் சேர்த்து அரைத்து மோரில் கலந்துகொள்ளுங்கள். காயைத் தனியே வேகவைத்துவிட்டு, கடைசியில் இந்த மோரை ஊற்றி, மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். பூசணிக்காய்தான் வேண்டும் என்பதில்லை. நம் மலையில் மலிவாகக் கிடைக்கும் முட்டைக்கோசும் கத்தரிக்காயும் இதற்கு நன்றாகவே பொருந்தும்.

அடுத்தது மோர்க்களி. மாலையில் வேலை முடிந்து நனைந்து வரும்போது இதைவிட விரைவான பலகாரம் வேறில்லை. ஒரு கோப்பை அரிசி மாவுக்கு மூன்று கோப்பை புளித்த மோர். உப்புப் போட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைத்ததை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். மோர் எவ்வளவு புளித்திருக்கிறதோ அவ்வளவு சுவை. இனிப்பான புது மோரில் செய்தால் சப்பென்றிருக்கும்.

நம்மைப் போல் குளிர்மலையில் இருப்பவர்களுக்கு மோர் இன்னொரு உதவியும் செய்கிறது. இங்கே இரவில் இட்லி மாவு எளிதில் பொங்குவதில்லை. கீழ்நாட்டில் ஓர் இரவில் புளிக்கும் மாவு இங்கே மறுநாள் நண்பகல்வரை அசையாமல் கிடக்கும். ரவையையும் கோதுமை மாவையும் புளித்த மோரில் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்தால், காத்திருக்காமலே காலையில் தோசை வார்க்கலாம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகக் கேழ்வரகுக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும் கலப்பது பழைய பழக்கம். அதை விட்டுவிட வேண்டாம்.

இனி ரொட்டிக்கு வருவோம். மோரில் ரொட்டியா என்று சிலர் கேட்கக்கூடும். இந்த மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஸ்ட்ராபெரி ஜாமோடு விரும்பித் தின்னும் ஸ்கோன் இருக்கிறதே, அதைப் பல நாடுகளில் மோர் விட்டுத்தான் பிசைகிறார்கள். அயர்லாந்து நாட்டில் 19ஆம் நூற்றாண்டு முதல், ஏழை எளியவர்கள் ஈஸ்ட் இல்லாமல், மோரும் ஆப்பச் சோடாவும் கொண்டே ரொட்டி செய்துவந்தார்கள். வெதுப்படுப்பு இல்லாத வீடுகளில் இரும்புக் கல்லிலேயே அதைச் சுட்டார்கள். நம் தோசைக்கல் இதற்குப் போதும்.

இரண்டு கோப்பை கோதுமை மாவு, அரைத் தேக்கரண்டி ஆப்பச் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு மூன்றையும் இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். முக்கால் கோப்பை கெட்டியான புளித்த மோரை ஊற்றிக் கையால் லேசாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவு வறண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் விடலாம். சப்பாத்தி மாவைப் போல் அடித்துப் பிசையக்கூடாது. விரல் கனத்தில் வட்டமாகத் தட்டி, நான்காக வெட்டி, மிதமாகக் காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல், ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் வீதம் சிறு தீயில் சுடுங்கள். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்புகிறது. அதுதான் ரொட்டியை உப்ப வைக்கிறது. ஆகையால் கலந்த மாவை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகாதீர்கள். வாயு போய்விட்டால் கல்போன்ற ரொட்டிதான் மிஞ்சும்.

சோடாவைக் கூட்டினால் இன்னும் உப்பும் என்று நினைத்து நாமும் ஒருமுறை குவித்துப் போட்டோம். ரொட்டி மஞ்சளித்துச் சவர்க்கார வாடை அடித்தது. வீட்டு நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. சோடாவின் அளவுக்குப் புளிப்பும் வேண்டும். ஆகையால் இதற்கு நீர்மோர் உதவாது. மேலும் நாம் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறோம். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் வாயு எளிதில் விரியும். கேக் செய்கிறவர்கள் குறிப்பில் சொன்ன சோடாவைச் சற்றுக் குறைத்தே போடலாம். அதே காரணத்தால்தான் இங்கே தண்ணீர் 100 டிகிரியை எட்டுவதற்கு நான்கைந்து டிகிரி முன்பே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகவும் நேரம் எடுக்கிறது.

மோர் மிளகாயைச் சொல்லாமல் விட்டால் தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். பச்சை மிளகாயை நுனியில் கீறி, உப்புக் கரைத்த புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவிட்டு, பகலில் எடுத்து வெயிலில் காயவைத்து, மாலையில் திரும்பவும் அதே மோரில் போட வேண்டும். மோர் முழுதும் வற்றியதும் சுக்காகக் காயவிட்டு எடுத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. தொல்லை என்னவென்றால், நமக்கு வெயில் வேண்டுமே! பிற்பகலானால் மழையும் மூடுபனியும் வந்துவிடுகின்றன. அரைகுறையாகக் காய்ந்த மிளகாய் பூசணம் பிடித்துவிடும். மழை குறைந்த பிப்ரவரி மாதம் பார்த்துச் செய்யுங்கள். இல்லையென்றால் ஊறிய மிளகாயை ஒரு டப்பாவில் போட்டு, ஈப்போவிலோ தாப்பாவிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறபோது கையோடு எடுத்துச் செல்லுங்கள். அங்கே கொளுத்துகிற வெயிலுக்கு நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். திரும்பி வரும்போது பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.