பின்னால் நின்ற தம்பி
(பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா ஆண்டை முன்னிட்டு, நம் பங்கிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் பறங்கிமலைக்கும் சாந்தோமுக்கும் திருயாத்திரை சென்று வந்தோம். அதைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்தார்கள். அந்தத் திருத்தலங்களை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். ஆகவே, திருப்பூருக்குத் திரும்பிய இரவு ரயிலில் நடந்ததை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

சென்னையில் வண்டி ஏறியபோது எங்கள் இருக்கையில் ஓர் இளைஞன் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். “இந்த இந்திக்காரப் பசங்களே இப்படித்தான், சீட்டு எடுக்காமல் ஏறிவிடுவார்கள்” என்று எங்களில் ஒருவர் அவன் காதுபடவே சொன்னார். அவன் எழுந்து, சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினான். இடம் அவனுடையதுதான். நாங்கள்தான் எண்ணைத் தவறாகப் பார்த்திருந்தோம். எங்கள் இடம் எதிர்ப்பக்கம் இருந்தது.

“பரவாயில்லை அக்கா. நீங்க நம்ம கோயில்லே வாசகம் வாசிக்கிறவங்கதானே?” என்று அவன் தமிழில் கேட்டான்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இரண்டாம் பூசைக்கு வந்து, மாதா கெபி அருகே நிற்பவனாம். எங்கள் முகங்களை எல்லாம் அவன் அறிந்திருந்தான். எங்களுக்கோ அவன் பெயர்கூடத் தெரியாது!

விடிய விடியப் பேசினோம். ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தான். மழையை நம்பி ஒரு போகம் நெல். அறுப்பு முடிந்தால் ஊரில் வேலை இல்லை. இங்கே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறான். தினம் ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்புகிறான். தாய்க்கு உடம்பு மோசம் என்று செய்தி வந்தபோது, அவசர ஆர்டர் என்று இரண்டு நாள் விடவில்லை. ரயிலில் மேலும் இரண்டு நாள். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. “மண்ணு மட்டும் போட்டேன் அக்கா” என்றான். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அவன் தாய்மொழி இந்தி அன்று, குடுக் மொழி. பல்லைத் தொட்டு ‘பல்’ என்றான். நான் என்பதற்கு ‘ஏன்’, நீ என்பதற்கு ‘நீன்’, மூன்றுக்கு ‘மூந்த்’. குடுக்கும் தமிழும் ஒரே திராவிடக் குடும்பத்து மொழிகள்! 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைப் பேசுகிறார்கள். சிம்டேகாவில் பாதிக்குமேல் கிறிஸ்தவர்கள். 1885-இல் சோட்டாநாக்பூர் வந்த இயேசு சபைத் தந்தை லீவன்ஸ், நிலத்தைப் பறிகொடுத்த ஏழைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாட உதவியவர். அவர் பெயரை அவன் பக்தியோடு சொன்னான்.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின அல்லவா? “வந்துவிடு மகனே” என்று அவன் தாய் தொலைபேசியில் அழுதாளாம். “இங்கே எல்லாரும் நல்லவங்க அம்மா” என்று தேற்றினானாம். அன்புள்ளவர்களே, அந்த நல்லவர்களில் ஒருவர்கூட அன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நம் பங்கின் வரலாறு என்ன? திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் தாத்தா பாட்டிமார்தாம் இந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தார்கள். அவர்களை இந்த ஊர் அன்று ஏற்றுக்கொண்டிராவிட்டால் இன்று நமக்குப் பொன்விழா ஏது?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ள ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில், தகுதியுள்ள வெளிமாநில அட்டைதாரர்கள் இங்குள்ள கடையிலேயே தங்கள் உணவுப் பொருளைப் பெறலாம். இதை இப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி, கடைக்கும் உடன் செல்வோம். இரண்டாவது, வரும் ஞாயிறு கெபி அருகே நிற்பவர்களைக் கோயிலுக்குள் அழைத்து, நம் பக்கத்தில் உட்கார வைப்போம், பெயர் கேட்போம்.

அந்தத் தம்பியின் தாய்க்கு முப்பதாம் நாள் திருப்பலி அடுத்த புதன் மாலை நடைபெறும். ஊரில் அடக்கத்திற்குப் போய்ச் சேர முடியாத பிள்ளை அவன். இங்கே அவன் தனியாக நிற்க வேண்டாம். அனைவரும் வாருங்கள்.